‘நெடுந்தீவுக் குதிரை’ விற்கிறவரிடம் கவனம்

வட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. ‘நெடுந்தீவு இனக் குதிரை, 6 வயது, எங்கட வெயிலுக்குப் பழகினது, கல்யாண வண்டிக்கு உகந்தது.’ அந்த ஆளிடம் நானும் அத்தானும் பங்குக்கு ஒன்று வாங்கினோம். காசு போனது ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த வாயில்லாச் சீவன் செத்துப் பிழைத்ததுதான் இதை எழுத வைக்கிறது.

முதலில் அந்த நெடுந்தீவுக் கதை. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற அந்தத் தீவில் கட்டாக்காலியாய்த் திரிகிற குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே பிடித்துக்கொண்டு வந்து விற்பது குற்றம். ஆகவே அந்தப் பேரைச் சொல்லி விற்கிறவர் ஒன்றில் சட்டத்தை மீறுகிறார், இல்லையென்றால் பொய் சொல்கிறார். எங்களுக்கு வாய்த்தவர் இரண்டாவது வகை. முழுக் காசும் வங்கியில் விழுந்தால்தான் லொறி வெளிக்கிடும் என்பது அவர் போட்ட நிபந்தனை. லொறி வந்து நின்றதும் சாரதி சொன்னார்: “அண்ணை, நான் நுவரெலியாவிலதான் ஏத்தினனான். வழியில வாளியில தண்ணி வச்சுப் பார்த்தன், குடிக்கேல்லை.”

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அந்தக் குளிருக்கு அடர்ந்த மயிரோடு வளர்ந்த மிருகம், ஒரே இரவில் யாழ்ப்பாண வெயிலுக்குள், எங்கட கோப்பாய்க்கு வந்து இறங்குகிறது. தண்ணீர் குடிக்காத களைப்பு வேறு. விற்றவருக்கு ஃபோன் எடுத்தோம். அவர் சொன்னது அப்படியே: “ஒண்டும் யோசிக்காதேங்கோ. மழை பெய்து புல்லு நல்லா நிக்கும்தானே, அவிட்டு விடுங்கோ. தானாப் பழகிடும்.” நேற்றுவரை என்ன தின்றது என்று அத்தான் கேட்டார். “எல்லாம் தின்னும்” என்றார். அதற்குப் பிறகு அந்த ஃபோன் எடுபடவில்லை.

அவிட்டு விட்டோம். தலை நிமிராமல் மேய்ந்தது. பொழுதுபட முன்னங்காலால் நிலத்தைக் கிளறத் தொடங்கியது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது, படுத்தது, உருண்டது, வியர்த்துக் கொட்டியது. பக்கத்து வளவு ஐயா ஓடி வந்து, மாட்டுக்குச் செய்கிறமாதிரி இஞ்சி, உள்ளி அரைத்துப் பருக்கச் சொன்னார். நல்லகாலம், மிருக வைத்தியர் அதற்குள் ஃபோனில் அகப்பட்டார். வாய்க்குள் ஒன்றும் ஊற்றவேண்டாம், நெஞ்சுக்குள் போனால் ஆள் முடிந்தது என்றார். குதிரையால் சத்தி எடுக்க முடியாதாம். மாட்டைப்போல அசைபோடுகிற சாதியும் இல்லை. அதன் வயிற்றில் புல்லைச் சமிக்க வைப்பது பின்குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள். அவை பழைய தீனுக்குப் பழகியவை. திடீரென்று இளம்புல்லின் சர்க்கரையும் மாச்சத்தும் போய்க் கொட்டினால் அங்கே புளித்துக் காற்று கட்டும், அமிலம் ஏறும். அந்த விஷம் போய்ச் சேருகிற இடந்தான் விசித்திரம்: குளம்பு. குளம்புக்குள் எலும்பைப் பிடித்துவைத்திருக்கிற மெல்லிய சதை அழன்று விட்டுக்கொடுக்கும். லமினைடிஸ் என்கிறார்கள்.

டொக்டர் இரவோடிரவாக வந்து மூக்கால் குழாய் விட்டு, ஊசி போட்டுக் காப்பாற்றினார். எங்கள் பக்கத்து வைத்தியர்களுக்கு மாடும் ஆடும்தான் அன்றாடம். தெரியாததைத் தெரிந்த இன்னொரு வைத்தியரிடம் ஃபோனில் கேட்டுக் கேட்டுச் செய்தார், அந்த மனிசனுக்குக் கோடி நன்றி.

வயிறு அடங்கிய பிறகுதான் உண்மையான மோசடி வெளியே வந்தது. முன்னங்கால் இரண்டும் சுட்டன. குதிரை பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்து நின்றது. குளம்பில் பூசியிருந்த கறுப்பு எண்ணெயைத் துடைத்துப் பார்த்தால், சுற்றிவர வளையம் வளையமாய் மேடு. புதுநோயில் அப்படி வராது, மாதக்கணக்கில் பழைய வருத்தம் என்றார் டொக்டர். லொறியால் இறங்கும்போது நொண்டாமல் வந்ததற்கு நோவு மருந்து ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். பல்லையும் பார்த்தார். மேல்வரிசைக் கடைசி வெட்டுப்பல்லில் ஒரு தவாளிப்புக் கோடு ஏறக்குறைய 10 வயதில் முரசடியில் தொடங்குமாம், 15 அளவில் பாதிப் பல்லுக்கு வருமாம். எங்கட ‘6 வயதுக்காரருக்கு’ அது பாதியைத் தாண்டிவிட்டது. பசும்புல்லையே காட்டக்கூடாத ஒரு குதிரையை, பசும்புல்லில் அவிட்டு விடு என்று சொல்லியிருக்கிறார். செத்தால் எங்கள் பராமரிப்பில் பிழை என்று கதையை முடித்துவிடலாம்தானே.

இனி யாராவது வாங்குவதாயிருந்தால் விலை கேட்க முன்னம், அது நேற்று என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எந்த மாதம் பூச்சிமருந்து குடுத்தது என்று கேளுங்கள். வைத்து வளர்த்தவர் மூச்சுவிடாமல் சொல்லுவார். தின்றுகொண்டிருந்த தீனிலேயே இரண்டு மூட்டையைக் கூட ஏற்றிவிடச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். வந்திறங்கிய குதிரைக்கு முதலில் தண்ணீரும் காய்ந்த புல்லும் மட்டும். 300 கிலோக் குதிரைக்கு நாளுக்கு 5, 6 கிலோ காய்ந்த புல் வேண்டும். வெறும் நெல்லு வைக்கோலில் விட்டால் மலம் இறுகிவிடும். புதுத் தீனை ஒன்றரை, இரண்டு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கலக்கவேண்டும். மேய்ச்சலென்றால் முதல்நாள் கால் மணித்தியாலம், அதுவும் வயிறு நிறையக் காய்ந்த புல் போட்டபிறகு. எங்கட மணல் நிலத்தில் வெறுந்தரையில் போட்டால் மண்ணும் சேர்ந்து குடலுக்குள் போகும், தொட்டியில் போடுங்கள்.

கிணற்றுத் தண்ணியின் உவர் பிடிக்காமல் புதுக்குதிரை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். எதிர்வீட்டு அம்மா பனங்கட்டி கரைத்துக்கொண்டு வந்தார். நல்ல உபாயந்தான், ஆனால் குளம்பு அழன்ற குதிரைக்கு இனிப்பு ஆகாது. மழைத்தண்ணி பிடித்து வைத்துக் கலந்து பழக்கினோம். மிஞ்சிய கோழித்தீனைக் கொட்ட வந்தவரையும் டொக்டர் மறித்தார். கோழித்தீன் சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து இருக்கும். கோழிக்கு நல்லது, குதிரையின் இதயத்தை அது நிற்பாட்டிவிடும். வளவு மூலையில் நின்ற அலரியை வெட்டி, சருகையும் கூட்டி அள்ளினோம். பூசைக்குப் பூப் பிடுங்குகிற அந்த மரத்தின் ஒரு கைப்பிடி இலையே ஒரு குதிரையைக் கொல்லக் காணும், காய்ந்தாலும் நஞ்சு நஞ்சுதான். தனியே நின்று கனைத்துக்கொண்டிருந்ததற்கு அத்தானின் கிடாயைத் துணைக்குக் கட்டினோம். இப்போது இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை.

வண்டி இழுக்க இனி அதால் ஏலாது. பொலிசில் முறைப்பாடு கொடுத்து, வங்கிச் சிட்டையும் வட்ஸ்அப் உரையாடலும் ஒப்படைத்தோம். அந்த ஆள் வேறு இலக்கத்தில், வேறு பேரில், எங்களுக்கு அனுப்பிய அதே வீடியோவைப் போட்டு இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார். வீடியோவில் குதிரையின் முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்திலும் தெரியாது. உங்களுக்கு வந்தால், சீமெந்துத் தரையில் கயிற்றைத் தளர்த்தி நடத்தி முன்னாலும் பின்னாலும் எடுத்த வீடியோ ஒன்றும், வாயைத் திறந்த படம் ஒன்றும் கேளுங்கள். என்ன பதில் சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள். என்னை அவர் புளொக் பண்ணிவிட்டார்.