விரிவுரையாளர்களுக்கான ‘வேலையிடத்தில் அரசியல் பேச்சு’ பட்டறை: காசுக்குத் தகுமா?

கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ் மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு பயிற்சி நிலையம் சனிக்கிழமை காலையில் இந்த அரைநாள் பட்டறையை நடத்துகிறது. விளக்கம் தமிழில், குறிப்பேடு மலாயில். கட்டணம் 150 ரிங்கிட், பசியாறல் உட்பட.

நடத்துபவர் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர். எடுத்த எடுப்பிலேயே, சம்பளம் போடுவது யார் என்று கேட்டு மூன்று மேசைகளாகப் பிரித்து உட்கார வைத்துவிடுகிறார். பட்டறையின் முதுகெலும்பே இதுதான். பொலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். 1993ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் ஒழுங்கு விதிமுறைகள் அவர்களைக் கட்டும். பொதுப் பல்கலைக்கழகத்தாருக்கு 605ஆம் சட்டம், அதாவது சட்டபூர்வ அமைப்புகளின் ஊழியர்களுக்கான ஒழுங்குச் சட்டம். தனியார் கல்லூரிக்காரர்களுக்கு நியமனக் கடிதமும் பணியாளர் கையேடும்தான் வேதம். 2018 டிசம்பரில் மக்களவை நிறைவேற்றிய ‘ஆக்கு’ (பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம்) திருத்தம் ஆசிரியர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. அது மாணவர்களுக்கானது.

அரசு மேசைக்கு 21ஆம் விதியை வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறார். நிர்வாக, தொழில்முறைப் பிரிவில் உள்ளவர் கட்சிச் சின்னம் அணியக்கூடாது, கட்சி சார்ந்த கருத்தைப் பகிரங்கமாகச் சொல்லக்கூடாது, வாக்குக் கேட்டுப் போகக்கூடாது, தேர்தல் முகவராகவும் இருக்கக்கூடாது. பிறகு மேசைமேல் நான்கு பொருள்களை வைக்கிறார்: அடையாள அட்டை தொங்கும் கழுத்துப்பட்டை, கார் ஸ்டிக்கர், அச்சிட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஒரு தேர்வு வினாத்தாள். கழுத்துப்பட்டையில் கட்சியின் நிறம் மட்டும் இருந்தால் ஒரு பேச்சு, ஓரத்தில் கட்சி முத்திரை குட்டியாக இருந்தாலும் வேறு பேச்சு. வினாத்தாள்தான் சூடான விவாதம். ஒரு கொள்கையை விமர்சிக்கச் சொல்வது பாடம். ஆதரித்து எழுதியவருக்கு மதிப்பெண் குறைந்தால், புகார் வரும்போது ஆசிரியரிடம் மதிப்பெண் வரையறை கையில் இருக்க வேண்டும்.

தனியார் மேசைக்குக் கசப்பு மருந்து. பேச்சுச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு நமக்கும் உண்டே என்று நெஞ்சை நிமிர்த்துபவர்களுக்கு 2005ஆம் ஆண்டு பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கை எடுத்து வைக்கிறார். அடிப்படை உரிமை மீறலுக்காக அரசைக் கேட்கலாம், தனியார் முதலாளியைக் கேட்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் அதில் சொன்னது. குற்றவியல் சட்டம் தனித் தண்டவாளம் என்பதற்கு அப்போது மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட இணைப்பேராசிரியராக இருந்த அஸ்மி ஷாரோம் வழக்கு: 2014இல் தேச நிந்தனைக் குற்றச்சாட்டு, 2016 பிப்ரவரியில் கைவிடப்பட்டது.

காசுக்குத் தகுந்த பகுதி, ‘ஏன் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது’ என்று நிர்வாகம் காரணம் கோரும் கடிதத்துக்குப் பதில் எழுதும் பயிற்சி. எந்தத் தேதி, எந்தப் பதிவு, கையேட்டின் எந்த விதி என்று முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். பதிவை அவசரப்பட்டு அழிக்கக்கூடாது. எதிர்த்தரப்பிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், முன்பின் உரையாடல் நம்மிடமும் இல்லாமல் போகும். கோபத்தில் ராஜினாமா கடிதம் நீட்டுவதுதான் பெரிய சறுக்கல். தானே விலகியவர், விலக வைத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டிய சுமையையும் தூக்கிக்கொள்கிறார்.

இவ்வளவு நேரம் எடுத்ததில் பணிநீக்கத்துக்குப் பிந்திய கட்டம் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஓட்டமாக ஓடுகிறது. இது பெரிய குறை. 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் வேலையைத் திரும்பக் கேட்டு மனுக்கொடுக்க, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்தான். கல்லூரிக்குள் மேல்முறையீடு போட்டுவிட்டு நல்ல செய்தி வரும் என்று உட்கார்ந்திருந்தால் கெடு தாண்டிவிடும். இதைச் சிலைடின் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

துறை வாட்ஸ்அப் குழுவைப் பற்றி மூன்று வாக்கியத்துக்கு மேல் இல்லை. பெரும்பாலான சிக்கல் அங்கேதான் கிளம்புகிறது. நள்ளிரவில் பகிரும் ஒரு மீம், துறைத்தலைவர் உள்ள குழு என்றால் வேலையிடப் பேச்சாகிவிடும் என்பதையாவது அழுத்தியிருக்கலாம். வாக்களிப்பு நாளில் நியாயமான நேரம் விட வேண்டும், சம்பளத்தில் கைவைக்கக்கூடாது என்ற 1954 தேர்தல் குற்றச் சட்டத்தின் 25ஆவது பிரிவு போகிறபோக்கில் வந்துபோகிறது. அது போதும்.

தனியார் கல்லூரியில் இருப்பவர் தம் நியமனக் கடிதத்தையும் கையேட்டையும் நகலெடுத்துக்கொண்டு போனால் போட்ட காசு திரும்பும். வெறுங்கையோடு போனால் பாதிதான். பொதுப் பல்கலைக்கழகத்தாருக்கு 605ஆம் சட்டத்தின் ஒழுங்கு விதிகளே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டணத்தை, முதலாளிகளின் பயிற்சி நிதியை நிர்வகிக்கும் எச்.ஆர்.டி. கோர்ப் வழியாகக் கல்லூரியிடமே கோரலாம் என்று விளம்பரத்தில் இருக்கிறது. ஏற்கெனவே கையில் காரணம் கோரும் கடிதம் வந்துவிட்டவர் அந்த வழியில் போக வேண்டாம்: மனிதவளப் பிரிவு கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பணம் வரும்.