குதிரையின் ஆயா வழி: எந்தச் சோதனை எதைச் சொல்லும்?

அந்தியூர்ச் சந்தையிலிருந்து ஒரு பெட்டைக்குதிரை காரைக்குடிப் பக்கம் வந்து இறங்கினால், கூடுகிற ஆட்கள் முதலில் காதைப் பார்ப்பார்கள். இரண்டு காதுநுனியும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொட்டால் ‘அசல் மார்வாரி’ (ராஜஸ்தான் பக்கத்துக் குதிரை இனம்) என்று தீர்ப்பு. அப்புறம் சுழி. குதிரை வண்டிப் பந்தயத்துக்கு வாங்குகிறவருக்கு இது போதும். பந்தயத்தில் ஓடப்போவது குதிரைதான், அதன் பாட்டி இல்லை. குட்டி எடுக்க நினைப்பவருக்குத்தான் போதாது. இதன் ஆயா வழி, அதாவது தாய், தாயின் தாய் என்று போகும் தாய்வழி, எது என்று கேட்டால் விற்றவர் ஒரு பதில் சொல்வார், பதிவேடு ஒன்று சொல்லும், ஆய்வுக்கூடம் வேறொன்று சொல்லும்.

பதிவேட்டிலிருந்து தொடங்கலாம். பந்தயத் திடல்களில் ஓடும் தரோபிரெட் இனக் குதிரைகளின் மூலப் பதிவேடு இங்கிலாந்தில் 1791இல் அச்சானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புரூஸ் லோ என்பவர் அதிலிருந்த பெட்டைகளைத் தாய்க்குத் தாய் பின்னோக்கிப் போய் 43 குடும்பங்களாக எண்ணிட்டார். அழகான வேலை. ஆனால் 2002இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு அந்த எண்களைச் சோதித்தபோது, ஒரே குடும்ப எண்ணுக்குள் வேறு வேறு தாய்வழிகள் இருந்தன. வேறு எண் கொண்ட குடும்பங்கள் ஒரே வழியைப் பகிர்ந்துகொண்டன. தொடக்ககாலத்தில் ஒரு பெட்டையின் பெயர் மாறி எழுதப்பட்டிருந்தால், அதன் பின் வந்த அத்தனை வாரிசும் தவறான வீட்டில்தான் பதிவாகியிருக்கும். அரபுக் குதிரைகளிலும் இதே கதைதான். சக்லாவி, குஹைலான் போன்ற கிளைப் பெயர்களை அங்கே தாயை வைத்துத்தான் சொல்வார்கள். மரபணுவைப் பார்த்தால் ஒரே கிளைப் பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தாய்வழிகள்.

பதிவேட்டை இப்படிப் பிடித்துக்கொடுத்தது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., அதாவது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்பில் தனியாக இருக்கும் டி.என்.ஏ. நகரத்தார் சமூகத்தைப் பிரிக்கும் ஒன்பது கோயில் கணக்கு தகப்பன் வழியில் போகிறதல்லவா, இது நேர் எதிர். முழுக்க ஆயா வீட்டுக் கணக்கு. ஆயாவிடமிருந்து ஆத்தாவுக்கு, ஆத்தாவிடமிருந்து மகளுக்கு, கலப்பில்லாமல் இறங்கும். ஆண்குட்டியிடமும் அது இருக்கும், ஆனால் அதோடு நின்றுவிடும். டி.என்.ஏ.வை ஒரு நீண்ட எழுத்து வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எப்போதாவது ஒரு எழுத்து மாறும். அந்த மாற்றங்களை வைத்துத்தான் வழிகளைப் பிரிக்கிறார்கள்.

இதைப் படிக்க இரண்டு முறைகள் உண்டு. உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். டி-லூப் எனப்படும் சுமார் 1,200 எழுத்துள்ள பகுதியை, அதிலும் பல நேரம் சில நூறு எழுத்தை மட்டும், படிப்பது முதல் முறை. செலவு குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஏராளமான தரவு கிடைக்கும். 2002இல் 652 குதிரைகளை வைத்து நடந்த ஆய்வு பார்த்தது வெறும் 247 எழுத்து. அதிலேயே இன்றைய குதிரைகளுக்குப் பின்னால் குறைந்தது 77 தாய்க்குதிரைகளாவது இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. ஆனால் டி-லூப் வேகமாக மாறும் பகுதி. சம்பந்தமே இல்லாத இரண்டு வழிகளில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் தனித்தனியாக வந்துவிடும். பார்ப்பதற்கு உறவு போலத் தெரியும். போதாக்குறைக்கு, அதற்குள் எட்டெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்பது ஒரே குதிரையின் உடலுக்குள்ளேயே வேறுபடும்.

முழு மைட்டோகாண்ட்ரியாவையும், அதாவது சுமார் 16,660 எழுத்தையும், படிப்பது இரண்டாவது முறை. டி-லூப்பில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு பெட்டைகள் இங்கே பிரிந்துவிடலாம். 2012இல் வந்த ஆய்வு இந்த முறையில்தான் உலகக் குதிரைகளின் தாய்வழிகளை ஏ முதல் ஆர் வரை 18 பெரும் பிரிவுகளாக ஒழுங்குபடுத்தியது. துல்லியம் என்று வந்துவிட்டால் டி-லூப் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

சரி, முழுசாகப் படித்துவிட்டால் மார்வாரியா இல்லையா என்று தெரிந்துவிடுமா? தெரியாது. அந்த 18 பிரிவுகளுக்கும் பொதுவான மூதாய் வாழ்ந்தது சுமார் 1,30,000 முதல் 1,60,000 ஆண்டுகளுக்கு முன். இன்றைய வளர்ப்புக் குதிரையோ வோல்கா–தோன் புல்வெளியிலிருந்து பரவத் தொடங்கியே ஏறக்குறைய 4,200 ஆண்டுகள்தான் ஆகின்றன. இனங்கள் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே வழிகள் பிரிந்துவிட்டன. வளர்ப்பவர்கள் ஆண்குதிரைகளில் சிலவற்றையே பொறுக்கி எடுத்தார்கள். பெட்டைகளைப் பல இடங்களிலிருந்து சேர்த்துக்கொண்டே போனார்கள். அதனால் ஒரே தாய்வழி அரபியிலும் இருக்கும், மங்கோலியக் குதிரையிலும் இருக்கும், சந்தையில் நிற்கும் மட்டக்குதிரையிலும் இருக்கும். நம் பக்கத்துக்கோ பாண்டியர் காலத்திலேயே கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். (ஆவுடையார்கோவில் தலபுராணப்படி நரியிலிருந்து வந்த பரிகளும் உண்டு. அதற்கு எந்த ஆய்வுக்கூடமும் பொறுப்பேற்காது.)

இனத்தைக் கேட்கிறவர் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் டி.என்.ஏ.வைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு எஸ்.என்.பி. சிப் இருக்கிறது, குதிரைக்குக் குதிரை ஓர் எழுத்து வேறுபடும் பல்லாயிரம் இடங்களை ஒரே வீச்சில் பார்க்கும். இன்னும் ஒரு படி மேலே போய் 2014இல் ஒரு மார்வாரி ஆண்குதிரையின் முழு மரபணுத் தொகுதியையே படித்தார்கள். அரபு, மங்கோலியக் குதிரைகளின் கலப்பு அதில் தெரிந்தது. வளைந்த காதுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஒரு மரபணுவையும் சுட்டினார்கள். சந்தையில் காதைப் பார்ப்பவர்களைக் கேலி செய்ய வேண்டாம், அது ரத்தத்தில் உள்ள சங்கதிதான். ஆனால் சிப் எல்லா முன்னோரையும் கலந்து காட்டும். ஆயா வழியை மட்டும் தனியே உருவித் தராது.

டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை எண்ணிப் பார்க்கும் மைக்ரோசாட்டிலைட் சோதனையின் வேலை வேறு. இந்தக் குட்டி இந்தப் பெட்டைக்குப் பிறந்ததா என்பதற்கு அது ஏறக்குறைய அசைக்க முடியாத பதில் தரும். இரண்டு மூன்று தலைமுறை தாண்டினால் கைவிட்டுவிடும். ஒய் குரோமோசோம் தந்தைவழி. இங்கே அதற்கு வேலையில்லை.

ஒரே ஒரு குதிரை வைத்திருப்பவர் முழு மைட்டோகாண்ட்ரியாவுக்குக் காசு செலவழிப்பது வீண் என்பேன். தாய் உயிரோடு இருந்தால் மைக்ரோசாட்டிலைட் போதும். தாயும் இல்லை, பதிவேட்டின் மீது சந்தேகமும் இருக்கிறது என்றால், அதே ஆயாவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு குதிரையைத் தேடிப் பிடித்து இரண்டுக்கும் டி-லூப் பாருங்கள். தெளிவாக வேறுபட்டால், அந்த உறவு தாய்வழியில் பொய். ஒத்துப்போனால் பொய்யென்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஓர் இனத்தின் வரலாற்றையே எழுதப்போகிறவர்களுக்கு மட்டும் நேராக முழு மைட்டோகாண்ட்ரியா. டி-லூப்பில் தொடங்கிப் பாதியில் மாறுவது இரட்டைச் செலவு.

மாதிரிக்குப் பிடரிமயிரோ வால்மயிரோ போதும். கத்தரியால் வெட்டாமல் வேரோடு பிடுங்கி, காய்ந்த காகித உறையில் போட்டு அனுப்புங்கள். வேரில்லாத மயிர்த் தண்டில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஓரளவு கிடைக்கும், மைக்ரோசாட்டிலைட்டுக்கும் சிப்புக்கும் வேர் இல்லாமல் முடியாது.