தம்ம சேது பத்து நாள் விபஸ்ஸனா: விண்ணப்பிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சென்னைப் புறநகரில், திருநீர்மலை தாண்டி திருமுடிவாக்கம் பக்கம் இருக்கிறது தம்ம சேது என்ற விபஸ்ஸனா தியான மையம். மண்டலேயில் பிறந்து, பர்மாவில் சயாஜி ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் கற்று, 1969 முதல் இந்தியாவில் வகுப்பு நடத்திய எஸ். என். கோயங்காவின் முறைதான் இங்கே. "பத்து நாள் போன் இல்லாமல் ஓய்வெடுக்கலாம்" என்று கிளம்புகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல், யாரோடும் பேசாமல், தியானத்தில் உட்கார வேண்டிய பயிற்சி இது.

பூஜை, சடங்கு எதுவும் கிடையாது. வந்து சேரும் நாள் மாலை, பாலி மொழியில் திரிசரணமும் (புத்தர், தம்மம், சங்கத்திடம் அடைக்கலம்) பஞ்சசீலமும் (ஐந்து ஒழுக்க உறுதிகள்) சொல்லச் சொல்வார்கள். மதம் மாறச் சொல்வதில்லை. புத்த விகாரையும் பிக்குகளும்தான் வேண்டுமென்றால் எழும்பூர் கென்னத் லேனில் மகாபோதி சங்கம் இருக்கிறது.

விண்ணப்பம் இணையத்தில்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடங்கள் தனித்தனி. இடம் கிடைத்த பிறகும், வருவதை உறுதிசெய்யச் சொல்லி வரும் செய்திக்குப் பதில் அனுப்பாமல் விட்டால் இடம் பறிபோகும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது. இவ்வளவு நீண்ட மௌனமும் தியானமும் சிலருக்கு நோயைக் கிளறிவிடும். மையமே அதனால்தான் கேட்கிறது. எந்த மொழியில் பாடம் வேண்டும் என்பதையும் அப்போதே குறிப்பிட்டுவிடுங்கள்.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30 முதல் 6:30 வரை தியானம், பிறகு சிற்றுண்டி. 11 மணிக்கு மதியச் சாப்பாடு, சைவம். மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்கு டீயோ பாலோ, கொஞ்சம் பழமோ பொரியோ. ஏற்கெனவே ஒரு வகுப்பு முடித்தவர்களுக்கு எலுமிச்சைச் சாறு மட்டும். இரவுச் சாப்பாடு இல்லையே என்று மதியம் வயிறு முட்டச் சாப்பிடுகிறவர்கள் 1 மணி அமர்வில் தூங்கி வழிவார்கள். முக்கால் வயிறு போதும். இரவு 7 மணிக்கு கோயங்காவின் பதிவுசெய்த உரை. பகலில் பட்ட பாடு எதற்கு என்பது அப்போதுதான் விளங்கும். தியான அமர்வுகளில் ஒலிக்கும், அவர் பாடிய பாலிச் சூத்திரங்களும் இந்தி தோஹாக்களும் (ஈரடிப் பாடல்கள்) நீளம். எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் மூன்று நாள் ஆனாபானம். மூச்சு வருவதையும் போவதையும் மூக்கு நுனியில் கவனிப்பது, அவ்வளவுதான். பிராணாயாமம் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். அவர்களையும் அறியாமல் மூச்சை இழுத்து நிறுத்திவிடுவார்கள். மூச்சை மாற்றக் கூடாது, மந்திரத்தோடு சேர்க்கக் கூடாது. நான்காம் நாள் விபஸ்ஸனா: தலையிலிருந்து கால்வரை உடலின் ஒவ்வொரு பகுதியிலும் என்ன உணர்வு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவது. வலியோ இதமோ, எதிர்வினை காட்டாமல் கவனிப்பதுதான் பயிற்சி. இன்ப அதிர்வுகளைத் தேடிப் போவது இன்னொரு பொறி. நேற்று கிடைத்தது இன்று கிடைக்கவில்லை என்று ஏங்கினால், விடச்சொன்ன ஆசையைத்தான் வளர்க்கிறீர்கள்.

விபஸ்ஸனா தொடங்கியதும் அதிட்டானம், அதாவது அசையாமல் இருக்கும் உறுதி, வரும். தினம் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கை, கால் அசைக்காமல் இருக்க முயல வேண்டும். முயற்சிதான், தண்டனை இல்லை. முட்டியில் பழைய காயம், டிஸ்க் தொந்தரவு இருந்தால் நாற்காலி கேளுங்கள். வீறாப்பாகத் தரையில் உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இடுப்பு முட்டியைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி மெத்தையை அடுக்கினால் கால் மரத்துப்போவது குறையும்.

பாதியில் கிளம்பும் ஆசை இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பலமாக வரும். மூன்று நாளில் கிளம்பினால் விபஸ்ஸனாவைத் தொடவே இல்லை என்று அர்த்தம். சந்தேகங்களை மதியம் 12 மணிக்கு ஆசிரியரிடம் தனியாகவும், இரவு 9 மணிக்கு மண்டபத்திலும் கேட்கலாம். மற்றபடி சக மாணவர்களோடு பேச்சு, சைகை, கண்ஜாடை எதுவும் கூடாது. பத்தாம் நாள் காலை, எல்லா உயிர்களும் நலமாக இருக்க வாழ்த்தும் மைத்ரீ தியானம் கற்றதும் மௌனம் கலையும். பதினோராம் நாள் காலை வகுப்பு முடியும்.

தளர்வான பருத்தித் துணி, போர்வை, வழக்கமான மாத்திரைகள் எடுத்துப் போங்கள். போன், புத்தகம், நோட்டு, பேனா எதையும் உடன் வைத்துக்கொள்ள முடியாது. வாசனைப் பொருட்களையும் தவிருங்கள். பக்கத்தில் உட்காருபவர் மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்.

கட்டணம் இல்லை. ஒரு வகுப்பையாவது முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள். சமையல் வேலையில் தொண்டர்களாகச் சேரவும் அதே தகுதி வேண்டும். வீட்டில் தினம் காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களில் பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். காலை ஒரு மணி நேரத்தையாவது விடாமல் பிடித்துக்கொண்டு, பழைய மாணவர்களுக்கான ஒரு நாள் வகுப்புகளுக்கு அவ்வப்போது போய்வருவது நடைமுறைக்கு ஒத்துவரும்.