எங்கள் வார்டின் டோஸ் மென்பொருள்: 14 மாதம் பயன்படுத்திய பிறகு

ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, கடற்கரையோரம் 30 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். போன வருடம் மருந்து அளவைக் கணக்குப் போடவும், கொடுத்ததைப் பதிவு செய்யவும் ஒரு மென்பொருள் கொண்டுவந்தார்கள். வார்டுக்கு இரண்டு டேப், ஐசியூவுக்கு ஒன்று, ஃபார்மசியில் ஒரு கம்ப்யூட்டர், நோயாளி மணிக்கட்டில் பார்கோடு டேக், அதைப் படிக்க ஸ்கேனர். கீழக்கரையிலும் தொண்டியிலும் வேலை பார்க்கும் என் தோழிகள் "எங்கள் ஆஸ்பத்திரியிலும் வாங்கப் போகிறார்களாம், எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை, யாரிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

வாங்கலாம். ஆனால் திரையில் எம்ஜி மட்டும் வருகிறதா, எம்எல்லும் வருகிறதா, அந்த எம்எல் எந்த பாட்டிலை வைத்து வருகிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள். டாக்டர் எழுதுவது எம்ஜியில். என் கையில் இருக்கும் சிரிஞ்சில் எம்ஜி கோடு கிடையாது, எம்எல் கோடுதான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. அதைப் பகல் 11 மணிக்குப் போடுவதும், நைட் டூட்டியில் அதிகாலை 3 மணிக்கு ஒரு பக்கம் குழந்தை அழ, இன்னொரு பக்கம் டிரிப்ஸ் தீர்ந்துபோய் பெல் அடிக்கும்போது போடுவதும் ஒன்றில்லை.

காய்ச்சலோடு வரும் 10 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 எம்ஜி, ஆக 150 எம்ஜி. அது எத்தனை எம்எல்? 5 எம்எல்லில் 125 எம்ஜி உள்ள சிரப் என்றால் 6 எம்எல். 250 எம்ஜி உள்ள சிரப் என்றால் 3 எம்எல். சொட்டு மருந்து என்றால், ஒரு எம்எல்லில் 100 எம்ஜி உள்ளது, ஒன்றரை எம்எல் போதும். மூன்று பாட்டிலும் ஒரே மருந்து, ஒரே வாசனை, பெட்டிகூடக் கிட்டத்தட்ட ஒரே நிறம். எங்கள் மென்பொருள் இதை அழகாகச் செய்கிறது: எடை போட்டு, பாட்டிலை ஸ்கேன் செய்தால் "6 எம்எல்" என்று பெரிய எழுத்தில் வந்து நிற்கும். முதல் வாரமே எனக்குப் பிடித்துப்போனது.

சரி, பிடித்துப்போனதோடு விட்டிருந்தால் தப்பாகியிருக்கும். ஃபார்மசியில் 125 தீர்ந்துபோய் 250 சிரப் வாங்கி வைத்த நாளில், அந்தப் புது பாட்டிலை யாரும் கம்ப்யூட்டரில் சேர்க்கவில்லை. ஸ்கேன் ஆகவில்லை என்று ஒரு சிஸ்டர் லிஸ்டில் இருந்து பழைய சிரப்பைத் தொட்டிருக்கிறார், திரை 6 எம்எல் என்றது. கையில் இருந்த பாட்டிலுக்கு அது 300 எம்ஜி, இரண்டு மடங்கு. வாயில் ஊற்றும் முன் லேபிளைப் படித்தார், அதனால் தப்பித்தோம். அன்றிலிருந்து எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு விதி போட்டார்: ஃபார்மசிக்குள் புதிதாக வரும் எதுவும், எம்ஜியும் எம்எல்லும் கம்ப்யூட்டரில் ஏறி, எங்கள் ஸ்டிக்கர் ஒட்டாமல் வார்டுக்கு வரக் கூடாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு லேபிளில் க்யூஆர் கோடு கட்டாயம் என்றாலும், பாக்கி மருந்துகள் பலவற்றில் அது இல்லை, அட்டையை வெட்டி நான்கு மாத்திரை கொடுத்தால் கோடு எந்தத் துண்டில் போனதோ தெரியாது. ஸ்டிக்கர் ஒட்டும் வேலைக்கு ஒரு ஆள் வேண்டும். விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இன்சுலின் விஷயத்தில் இந்த மென்பொருளுக்குக் கையெடுத்துக் கும்பிடுவேன். நம் நாட்டில் வயலில், அதாவது சின்ன மருந்துக் குப்பியில், வருவது பெரும்பாலும் ஒரு எம்எல்லில் 40 யூனிட், இன்சுலின் பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. எங்கள் பக்கம் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடு அதிகம், மகன் துபாயில் இருந்து வாங்கி அனுப்பிய பேனா இன்சுலினை ஒரு பெரியவர் கொண்டுவந்திருந்தார். பேனா உடைந்துவிட்டது. "கார்ட்ரிட்ஜில் மருந்து இருக்கே, ஊசியில் உறிஞ்சிப் போட்டுவிடுங்கம்மா, வாப்பா சாப்பிட உட்கார்ந்துட்டாங்க" என்று மகள் கெஞ்சினார். டிராயரில் இருந்தது சிவப்பு மூடி சிரிஞ்ச். அதில் 20 கோடு வரை உறிஞ்சினால் அரை எம்எல், 100 யூனிட் மருந்தில் அது 50 யூனிட். 20 போட வேண்டியவருக்கு 50 போயிருக்கும். கார்ட்ரிட்ஜில் இருந்து உறிஞ்சுவதே கூடாது என்று தெரிந்தவர்கள்தான் நாங்கள், ஆனாலும் அவசரத்தில் கை போகும். கார்ட்ரிட்ஜை ஸ்கேன் செய்ததும் திரை முழுக்க ஆரஞ்சாகி, "100 யூனிட் மருந்து, பேனாவில் மட்டும்" என்று நின்றுவிட்டது, அடுத்த பக்கத்துக்குப் போகவே விடவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு எங்கள் வயல் இன்சுலினுக்கு மாற்றி எழுதி வாங்கிப் போட்டோம். இன்னொன்று, இதில் யூனிட் என்பதற்கு முழு வார்த்தைதான் வரும், வெறும் யூ கிடையாது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் கையெழுத்தில் 4-க்குப் பக்கத்தில் போட்ட யூ பூஜ்யமாகத் தெரிந்து 40 என்று எடுத்து வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி குறைகள். பெரிய குறை ஐசியூவில் வந்தது. பிரஷரை ஏற்றும் டோபமின் 200 எம்ஜி ஆம்பூலை (சின்னக் கண்ணாடிக் குப்பியை) நாங்கள் 50 எம்எல்லாக்கி சிரிஞ்ச் பம்பில் ஏற்றுவோம், ஒரு எம்எல்லில் 4 எம்ஜி. 60 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்கு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 18 எம்ஜி, அதாவது நாலரை எம்எல். மென்பொருளுக்குள் கம்பெனி முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தது 50 எம்எல்லில் 400 எம்ஜி என்ற கணக்கு. அது இரண்டே கால் எம்எல் என்று சொன்னது, நாங்களும் அப்படியே ஓட்டினோம். பிரஷர் ஏறவே இல்லை. அரை மணி நேரம் கழித்து டூட்டி டாக்டர் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பாதி டோஸ் போவது தெரிந்தது. நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனார், ஆனால் அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. கணக்கில் பிழை இல்லை, நாங்கள் கரைக்கும் விதம் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். நிறுவிய அன்றே ஒவ்வொரு ஊசி மருந்தையும் எங்களோடு உட்கார்ந்து "நீங்கள் எவ்வளவில் கரைப்பீர்கள்" என்று கேட்டிருக்க வேண்டியது கம்பெனியின் வேலை. இப்போது நாங்களே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம், ஒரு மருந்துக்கு ஒரே கரைசல் என்று பம்ப் மேலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எடைப் பெட்டி இன்னொரு தலைவலி. எடை போடாமல் அடுத்த பக்கம் போகாது, அது நல்லது. ஆனால் முதல் மாதத்தில் மூன்று வயதுக் குழந்தைக்குப் புள்ளி விழாமல் 13.0 என்பது 130 ஆகி, மென்பொருள் சத்தமே இல்லாமல் 1950 எம்ஜி என்று காட்டியது. 195 வர வேண்டிய இடம். வயதுக்கு இவ்வளவு எடைதான் என்று ஒரு வரம்புகூட வைக்காமல் குழந்தை வார்டுக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றும் கோபம். சொன்ன பிறகு வைத்தார்கள். 2013-ல் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவில், 160 எம்ஜி என்பது திரையில் கிலோவுக்கு 160 எம்ஜியாகப் பதிவாகி, 16 வயதுப் பையனுக்கு ஒரு மாத்திரைக்குப் பதில் முப்பத்தெட்டரை மாத்திரை கொடுத்துவிட்டார்கள், பையன் வலிப்பு வந்து பிழைத்தான். எல்லா வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், ஃபார்மசி, நர்ஸ் என்று எல்லோரையும் தாண்டி வந்த தவறு அது. அதனால் எடையைப் பார்த்த தேதியும் பக்கத்தில் தெரிய வேண்டும் என்று நான் சொல்கிறேன். எங்களுடையதில் பழைய எடையே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஆறு மாதத்துக்கு முன் 7 கிலோவாக இருந்த குழந்தை இப்போதும் 7 கிலோவா?

பாம்புக்கடிக்கு வருகிறேன், எங்கள் ஊருக்கு இது முக்கியம். பாம்புக்கடி என்று தட்டினால் விஷமுறிவு மருந்தின் அளவையும் குழந்தைக்கு எடை பார்த்துக் குறைத்துக் காட்டியது. 12 கிலோ குழந்தைக்கு 2 வயல்! பாம்பு குழந்தை என்று பார்த்து விஷத்தைக் குறைத்தா கொத்துகிறது? பெரியவருக்கு எத்தனை வயலோ குழந்தைக்கும் அத்தனையே, முதல் டோஸ் 8 முதல் 10 வயல். எங்கள் டாக்டர் அனுபவசாலி, திரையைப் பார்க்காமலே 10 என்றார். புதிதாக வந்த டூட்டி டாக்டர் நைட்டில் தனியாக இருந்திருந்தால்? கடல் பாம்பு இன்னொரு கதை. வலையில் மீனோடு சேர்ந்து வரும் வலக்கடியனைப் பிடுங்கி எறியும்போது கடி வாங்கி வருகிறவர்கள் எங்களிடம் உண்டு. நம்மிடம் இருக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான், கடல் பாம்புக்குக் கேட்காது. அவர்களுக்கு உடம்பு வலி, கருத்த சிறுநீர், ரத்தத்தில் பொட்டாசியம், மூச்சு இதையெல்லாம் கவனித்து, நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மென்பொருள் கரையா கடலா என்று கேட்காமல் 10 வயலை எழுதி வைத்தது. எழுதிக் கேட்டு மூன்று மாதம் கழித்து ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள். குழந்தை அளவையும் திருத்திவிட்டார்கள். செய்தவரைக்கும் நன்றி.

எச்சரிக்கைச் சத்தம் அதிகம். ஒரு நைட்டில் எண்ணினேன், 43 முறை. அதில் இரண்டு மூன்றுதான் உண்மையில் நிறுத்திப் பார்க்க வேண்டியவை. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை ஸ்கேன் செய்தால், 10 எம்எல்லில் 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது, நேரடியாகப் போடக் கூடாது, எதில் கரைத்தீர்கள், எவ்வளவு நேரத்தில் போகும் என்று கேட்டு இன்னொரு சிஸ்டரின் கைரேகையும் வாங்கும். அந்த ஒரு எச்சரிக்கைக்காகவே வாங்கலாம். ஆனால் அதே சிவப்புப் பெட்டி வைட்டமின் மாத்திரைக்கும் வந்தால் கை தானாகவே "சரி"யைத் தட்டப் பழகிவிடுகிறது. படிக்கும்போது எங்கள் மேடம் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துச் சொல்வார்: 1998-ல் பாஸ்டனில் கம்ப்யூட்டரில் மருந்து எழுத ஆரம்பித்ததும் கடுமையான தவறுகள் 55 சதவீதம் குறைந்தன, 2005-ல் பென்சில்வேனியாவில் அதே மாதிரி ஒரு அமைப்பு 22 வகைத் தவறுகளுக்கு இடம் கொடுத்ததைக் கண்டுபிடித்தார்கள். இரண்டையும் இப்போது என் வார்டிலேயே பார்க்கிறேன்.

உப்புக்காற்றைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஸ்கேனரின் சார்ஜ் முனை ஏழாவது மாதமே களிம்பு ஏறி வேலை செய்யாமல் போனது, டேக்கில் அச்சு இரண்டு நாளில் வியர்வையிலும் ஈரத்திலும் அழிந்தது. இப்போது பிளாஸ்டிக் டேக் வாங்குகிறோம், ஸ்கேனரைத் தினமும் துடைத்து மூடி வைக்கிறோம். எங்கள் பக்கம் ஒரே பெயரில், ஒரே தகப்பன் பெயரில்கூட இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள், அதனால் டேக் அழிந்தால் பெயரைக் கேட்டுச் சமாளிக்க முடியாது. சர்வர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நெட் போனாலும் வேலை ஓடியது. கரண்ட் நாலு மணி நேரம் போன அன்று டேப் எல்லாம் உயிரை விட்டது, அப்புறம்தான் தினமும் மாலை 6 மணிக்கு எல்லோருடைய டிரக் சார்ட்டையும் பேப்பரில் எடுத்து வைக்க ஆரம்பித்தோம்.

டிஸ்சார்ஜ் சீட்டு தமிழில் வருகிறது, மெச்ச வேண்டிய விஷயம். "6 எம்எல்" என்று போட்டு அளவு மூடியின் படமும் வரைந்து, எந்தக் கோடு வரை என்று காட்டுகிறது. வீட்டு ஸ்பூனில் ஊற்றுகிற அம்மாக்களுக்கு அந்தப் படம் பேச்சைவிட நன்றாகப் புரிகிறது. நேரம்தான் காலை 8, இரவு 8 என்று கல்லில் பொறித்த மாதிரி வருகிறது. காலையில் டோக்கன் வாங்கிப் போய் மறுநாள் காலையில் கரை சேருகிற மீனவர் இரவு 8 மணிக்குப் படகில் வலை போட்டுக்கொண்டிருப்பார். இன்சுலின் போடுகிறவருக்கு அவர் சாப்பிடும் நேரத்தை வைத்து எழுத இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை, இப்போதைக்குப் பேனாவால் அடித்து எழுதித் தருகிறோம்.

கம்பெனி ஆட்கள் போனை எடுக்கிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள். ஆனால் நர்ஸ் சொன்னால் "டாக்டரைப் பேசச் சொல்லுங்க சிஸ்டர்" என்பார்கள். மருந்தை அளந்து கொடுப்பது நாங்கள். நாங்கள் சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு டெமோ காட்ட வந்தால் அவர்கள் கொண்டுவரும் மாதிரி நோயாளியை வைத்துப் பார்க்காதீர்கள். உங்கள் ஃபார்மசிக்குப் போய் காய்ச்சல் சிரப் மூன்று வகை, இரண்டு இன்சுலின், ஒரு டோபமின், ஒரு பொட்டாசியம் ஆம்பூல் எடுத்து வந்து மேஜையில் வையுங்கள், எடையை வேண்டுமென்றே 130 என்று போடுங்கள், 12 கிலோ குழந்தைக்குப் பாம்புக்கடி என்று தட்டுங்கள். நைட் டூட்டி பார்க்கும் சிஸ்டர் ஒருவர் கட்டாயம் அந்த அறையில் இருக்கட்டும்.