33 வயசுல ஜிஎன்எம் (நர்ஸ் ஆகுறதுக்கான டிப்ளமோ படிப்பு) சேர்ந்த தனியார் நர்சிங் ஸ்கூல் பத்தி

துணிக்கடை பில்லிங் வேலைய விட்டுட்டு இங்க சேர்ந்தேன், ஜிஎன்எம் 3 வருஷம், சேர்றதுக்கு வயசு வரம்பு 35 தான், அதனால யோசிச்சிட்டே இருக்காதீங்க. ஸ்கூலுக்குன்னே சொந்த ஆஸ்பத்திரி இருக்கு, அதான் பெரிய ப்ளஸ், வார்டுல சிஸ்டர் பக்கத்துலயே நின்னு ட்ரிப் போட, பிபி பாக்க, சார்ட் எழுத பொறுமையா கத்துக்குடுத்தாங்க, டம்மில பழகுறதுக்கும் வயசான பாட்டி கையில நரம்பு தேடுறதுக்கும் அவ்ளோ வித்தியாசம்!

ஃபீஸ்தான் கடுப்பு, யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு, எக்ஸாம்னு தனித்தனியா கறக்குறாங்க, முன்னாடியே எழுதி வாங்கிடுங்க. பிள்ளைங்க இருக்கவங்க ஹாஸ்டல் கட்டாயமான்னும் கேளுங்க.

தயவுசெஞ்சு 1 வருஷ நர்சிங்னு போர்டு வெச்சிருக்க இடத்துல பணம் கட்டிடாதீங்க, அத வெச்சு தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல நர்ஸா ரிஜிஸ்டர் பண்ண முடியாது, ரிஜிஸ்ட்ரேஷன் இல்லன்னா கவர்மென்ட்ல ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு அப்ளையே பண்ண முடியாது.