முதல் கார், பழைய ஏஎம்டி: நான்கு வருஷ அனுபவம்

போன வெள்ளிக்கிழமை மெக்கானிக்கிடம் 16,800 ரூபாய் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்து வந்தேன். அன்று ராத்திரியே ஓசூரிலிருந்து மாமா பையன் கூப்பிட்டான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம் ஆகிறது. "அக்கா, ஜிஎஸ்டி குறைச்சிட்டாங்க, நானும் கார் வாங்கலாம்னு இருக்கேன். உன்னோடது மாதிரியே ஒரு ஏஎம்டி செகண்ட் ஹேண்ட்ல பார்த்து வச்சிருக்கேன், எடுத்துடட்டுமா?" என்றான். ஏஎம்டி என்றால் கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகக் கியர் மாற்றும் வண்டி. போனிலேயே கத்திவிட்டேன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

என் வண்டி 2019 டிசம்பரில் பதிவானது. 998 சிசி பெட்ரோல், மூன்று சிலிண்டர், சின்ன ஹேட்ச்பேக். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும். எனக்குப் பிரச்சினை இந்த வகை கியர்பாக்ஸோடு. அது பல கம்பெனி வண்டிகளில் இருக்கிறது. 2021 நவம்பரில், 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, 3,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது மீட்டர் 78,000 காட்டுகிறது.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தம்பி இன்னும் அதைப் போடவே இல்லை. அப்போது எனக்கு வயது 23, கையில் வரும் சம்பளம் 24,000. சேர்த்து வைத்தது 1,35,000. மீதி இரண்டரை லட்சத்துக்குக் கடன், 13.5 சதவீத வட்டி, மூன்று வருஷம், மாதம் 8,484 ரூபாய். பழைய காருக்கு வட்டி அதிகம் என்பதே வங்கியில் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வட்டி மட்டும் 55,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருக்கிறேன். சேலத்தில் வீட்டிலிருந்து வேலைக்கு 14 கிலோமீட்டர், திரும்ப 14. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது, மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு போனது. ஆக, தவணையும் பெட்ரோலுமே சம்பளத்தில் பாதிக்கு மேல். அடுத்த வருஷம் தீபாவளிக்கு வீட்டில் யாருக்கும் துணி எடுக்கவில்லை. இது இன்னும் என்னை உறுத்துகிறது. தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் பைக்கிலேயே போ.

இன்சூரன்ஸிலும் ஒரு பாடம் உண்டு. முந்தைய ஓனர் கிளெய்ம் எடுக்காமல் சேர்த்த போனஸ் தள்ளுபடி வண்டியோடு வராது, அவரோடு போய்விடும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் நம் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்றவர் சொன்ன பிரீமியத்தை நம்பிப் பட்ஜெட் போட்டால் இடிக்கும். ஆயிரம் சிசிக்குள் இருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு 2,094 ரூபாய்தான். ஆயிரத்தைத் தாண்டினால், 1,500 சிசி வரை 3,416.

சரி, கியர்பாக்ஸுக்கு வருகிறேன்.

ஏஎம்டியை ஆட்டோமேட்டிக் என்று விற்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்து வாங்கினேன். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், இஞ்சினைக் கியரோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற அதே கிளட்ச் பிளேட்தான். நம் இடது கால் செய்கிற வேலையை ஆக்சுவேட்டர் என்ற பாகம் செய்கிறது, எப்போது செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. கியர் வண்டியைவிட அரை லட்சம் போலக் கூடக் கொடுத்தால் போதும் என்கிற விலைக்கு இது கிடைப்பதற்குக் காரணமும் அதுதான். டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் பாகம், உள்ள ஆட்டோமேட்டிக்கில் மேட்டில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைத்தால், நடுவில் இருக்கும் எண்ணெய் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். ஏஎம்டியில் அதை வாங்குவது கிளட்ச் பிளேட். பாதி ஒட்டியும் ஒட்டாமலும் உரசிக்கொண்டே தேயும்.

நான் ஐந்து ரோடு மேம்பாலத்தில் தினமும் ஏறுகிறேன். மாலை நேரத்தில் ஏற்றத்திலேயே வண்டிகள் தேங்கி நிற்கும். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குக் கொண்டுபோவதற்குள் என் வண்டி பின்னால் உருளும். பின்னால் ஒரு முழம் இடைவெளி விட்டு பைக்குகள். புதிதாக ஓட்டுகிறவளுக்கு அந்த ஒரு நொடி எவ்வளவு பயம் என்பதை ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பழகினேன். வண்டியும் நின்றது. நான்கு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன், அதுதான் சரியான முறை என்று நினைத்துக்கொண்டு.

டிரைவிங் ஸ்கூலில் கியர் வண்டியில் அரைக் கிளட்ச்சில் (பெடலைப் பாதி மிதித்தபடி) நிற்காதே என்று திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏஎம்டியிலும் அதே அரைக் கிளட்ச் நடக்கிறது, காலுக்குத் தெரிவதில்லை என்பதுதான் வித்தியாசம். இதை விற்றவர் சொல்லவில்லை, மூன்று முறை சர்வீஸ் செய்தவர்கள் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருவது இதில்தான். சாவி கொடுக்கும்போது இரண்டு வாக்கியம் போதும்: மேட்டில் நின்றால் பிரேக்கை மிதி, அல்லது ஹேண்ட் பிரேக் போடு, கிளம்பும்போது ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே ஆக்சிலேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுக்கும்போது விடு. இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

முதல் அறிகுறி ஏற்காட்டில் தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்குள் நுழையும்போது வண்டி மூன்றாவது கியரிலேயே இருக்கும். பாதி திரும்பியதும் இழுவை போதாது என்று கம்ப்யூட்டருக்குப் புரியும். கியரைக் குறைக்கும் அந்த இடைவெளியில் வண்டி மூச்சடைத்த மாதிரி நிற்கும். பின் சீட்டில் சித்தி கண்ணை மூடிக்கொண்டார். ஆறாவது வளைவுக்கு அப்புறம் மேனுவல் மோடுக்கு மாற்றி, வளைவுக்கு முன்பே நானே இரண்டாவதில் போட்டேன். அதற்குப் பிறகு மேலே போகும்வரை ஒரு தடங்கலும் இல்லை. மலை ஏறுகிறவர்கள் அடிவாரத்திலேயே அந்த மோடுக்குப் போய்விடுங்கள். அன்று மேலே போய்ச் சேர்ந்ததும் கருகிய வாசனை வந்தது. பிரேக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மாலை ஆறரை, அதே மேம்பாலம். பாதி ஏற்றத்தில் இஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. முன்னால் ஓட்டும் கியரான டி-யிலிருந்து நியூட்ரலுக்குத் தானாகப் போய்விட்டது, திரும்ப விழவில்லை. பின்னால் ஹாரன். இரண்டு பையன்கள் பைக்கை ஓரம் கட்டிவிட்டு வந்து, வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்த உதவினார்கள். அவர்கள் யார் என்றுகூடக் கேட்க முடியவில்லை. இதைப் படித்தால், ரொம்ப நன்றி.

சர்வீஸ் சென்டரில் ஆக்சுவேட்டரை முழுசாக மாற்ற வேண்டும், 52,000 ஆகும் என்றார்கள். அலுவலகத்தில் ஒரு அண்ணா சொன்ன வெளி மெக்கானிக், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, கிளட்ச் பிளேட் தேய்ந்து தீர்ந்துவிட்டது, ஆக்சுவேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கிளட்ச் செட், ஆக்சுவேட்டர் எண்ணெய், வேலைக்கூலி, கடைசியில் புதுப் பிளேட் எங்கே ஒட்டுகிறது என்று கம்ப்யூட்டருக்குத் திரும்பக் கற்றுக்கொடுப்பது, எல்லாம் சேர்த்து 16,800. கடைசி வேலையைச் செய்யத் தெரியாத மெக்கானிக்கிடம் ஏஎம்டியைக் கொடுக்காதீர்கள். பிளேட் புதிதாக இருந்தாலும் வண்டி குதிக்கும். இப்போது வெண்ணெய் மாதிரி கிளம்புகிறது. இதே வண்டியா என்று இருக்கிறது.

இவ்வளவு திட்டியபின் ஒன்றைச் சொல்லாவிட்டால் அது நியாயம் இல்லை. அம்மாவுக்கு 51 வயது, இடது முழங்கால் வலி. அப்பா இருந்தபோது ஒருமுறை கியர் வண்டி பழகப் போய், கிளட்ச்சை மிதித்து மிதித்து ஒரு வாரத்தில் விட்டுவிட்டார். இந்த வண்டி வந்த ஆறாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலியாகக் கிடந்த லேஅவுட்டில் "நான் ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். பிரேக்கை விட்டதும் வண்டி தானாக மெல்ல ஊர்ந்தது. அம்மா சிரித்ததை அப்படி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. எல்எல்ஆர் எடுத்து, டெஸ்டில் பாஸாகி, இன்றைக்குத் தனியாகக் கன்னங்குறிச்சியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய் வருகிறார். கிளட்ச் பெடல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இருந்தாலும் தம்பிக்கு என் பதில், பழைய ஏஎம்டி வேண்டாம் என்பதுதான். முந்தைய ஓனர் மேட்டில் எப்படி நின்றார் என்பது ஆர்சி புத்தகத்தில் இருக்காது. கேட்காமல் வாங்கியே தீருவேன் என்றால், இருபது நிமிஷம் ஓட்டி இஞ்சின் சூடான பிறகு ஒரு மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பார். ரிவர்ஸிலிருந்து டி-க்கு மாற்றும்போது இடிக்கிறதா, தாமதிக்கிறதா என்று கவனி. கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல். முன்னூறு ஐந்நூறு கேட்பார்கள், கொடு.

என்னைக் கேட்டால் புது கியர் வண்டி வாங்கு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் செஸ்ஸும் போய் 18 ஆகிவிட்டது. ஆல்டோ கே10 ஷோரூம் விலை 3,69,900-இல் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்குள் 12 சதவீதச் சாலை வரி, அது ஒரு 44,000. இன்சூரன்ஸையும் சேர்த்துக்கொள். ஆறு ஏர்பேக் வருகிறது. என் வண்டியில் ஒன்றே ஒன்று, ஓட்டுநருக்கு மட்டும். அது தயாரான காலத்தில் சட்டம் அவ்வளவுதான் கேட்டது. முதல் இரண்டு வருஷம் அம்மாவை அந்த இடது சீட்டில் உட்காரவைத்து ஹைவேயில் எண்பதில் போயிருக்கிறேன். வாங்கும்போது இதைப் பார்க்கவே இல்லை, கலரைப் பார்த்தேன்.

இதையெல்லாம் நேற்று பொறுமையாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ புது கிளட்ச் போட்ட உன் வண்டியையே எனக்குக் கொடுத்துடேன் அக்கா, அதுல எப்படி ஓட்டினாங்கன்னு தெரியுமே" என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன். அம்மா நாளைக் காலை உழவர் சந்தைக்குப் போக வேண்டும் என்று சாவியை ராத்திரியே எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். நானும் போகிறேன், இடது பக்கச் சீட்டில்.