கூலண்ட் மாற்றுவதில் சிக்கல் இல்லை, அந்த ட்ரெயின் (drain) பிளக்தான்!

கீழக்கரை மச்சான் போன் போட்டு, "கூலண்ட்டை வீட்லயே மாத்திரலாமா மாப்ள? நீதான் பண்ணுவியே" என்றார். இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டருக்குள் ஓடும் திரவம்தான் கூலண்ட். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் மூன்றாவது தடவையாக மாற்றி முடித்து, முழங்கைச் சிராய்ப்புக்கு மஞ்சள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது வருடமாக உச்சிப்புளி உப்புக்காற்றில் நிற்கும் பெட்ரோல் கார். கம்பெனி பேர் வேண்டாம், சண்டை வரும். இன்ஜினைக் குறை சொல்ல வாயில்லை. ஒரு நாளும் வழியில் நிறுத்தியதில்லை. என் கோபமெல்லாம் ரேடியேட்டர் அடியில் கூலண்ட்டை வடிக்கத் திறக்கிற பிளாஸ்டிக் அடைப்பான், அந்த ட்ரெயின் பிளக் மேல். அதைத் திறந்தால் தண்ணீர் கீழே வைத்த டப்பில்தானே விழ வேண்டும்? விழாது. அடியில் இருக்கும் தட்டில் மோதி, பம்பர் ஓரமாக ஓடி, பாதி என் சட்டைக் கைக்குள், மீதி மண்ணில். இந்தத் தடவை பிளக் அசையக்கூட இல்லை, திருகுகிற காது மட்டும் முறிந்து கையோடு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கீழ் ஹோஸைக் கழற்றப் போனால், அதன் கிளிப் துருவேறி ரப்பரோடு ஒட்டிக் கிடக்கிறது. பிளையரை வைத்து அதை நகர்த்தவே அரைமணி நேரம்.

பச்சையாக ஊற்றியது கடுங்காப்பி நிறத்தில் வந்தது. போன வருடம் ஹோஸ் மாற்றிய ஓரிடத்தில் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பி அனுப்பியிருந்தார்கள். எங்கள் தெருப் போர் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் காயவிட்டால் அடியில் சுண்ணாம்பு வளையம் நிற்கும். சுரண்டினால் நகத்தில் ஏறும். அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டரின் சன்னக் குழாய்களில் படிகிறது. உப்பு அலுமினியத்தை அரிக்கிறது.

அதனால் அலசுவதற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். கேன் கேனாக இறக்கியதைப் பார்த்து அம்மா, "மனுசன் குடிக்கக் குடம் தண்ணிக்கு வண்டியைப் பாத்துக்கிட்டு நிக்கிறோம், இவன் காருக்கு நல்ல தண்ணி ஊத்துறான்" என்றார். பதில் இல்லை என்னிடம்.

ஒரே தடவை வடித்தால் எல்லாம் வராது. என் வண்டி நாலரை லிட்டர் பிடிக்கும், மூன்றுக்கு மேல் வந்ததில்லை. மிச்சம் இன்ஜின் பிளாக்குக்குள் நிற்கும். ஆகவே நிரப்பு, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கிறவரை இன்ஜினை ஓடவிடு, ஆறவிடு, வடி. நாலு சுற்றுக்குப் பிறகு தெளிந்தது. நாலு தடவையும் அந்தக் கிளிப். (சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், அவசரப்படாதீர்கள்.)

கடைசியில் ஊற்றும்போது, தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கூடாது. உள்ளே ஏற்கெனவே ஒன்றரை லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறதே, கலவை நீர்த்துவிடும். தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் இரண்டேகால் லிட்டரை முதலில் ஊற்றி, மேலே முக்கால் லிட்டர் தண்ணீர் விட்டேன். பாதிக்குப் பாதி.

அப்புறம் உள்ளே மாட்டிய காற்றை எடுக்க வேண்டும். முன்பக்கம் மேடாக நிறுத்தச் சொல்வார்கள். இந்த ஊரில் மேட்டுக்குக் கண்மாய்க் கரையைத் தவிர எங்கே போவது? வாசல் சாய்தளத்தில் ஏற்றினேன். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி, கத்தரி வெயிலில் காருக்குள் உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்தில் நான் ஹீட்டர் போட்டது இந்த வேலைக்கு மட்டும்தான். காற்று அனலாக வந்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நின்ற பிறகே மூடினேன். வெளியே வந்தால் பக்கத்து வீட்டு ஆடு பழைய கூலண்ட் டப்பை நோக்கி வருகிறது. கூலண்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், குடித்தால் சிறுநீரகம் போய்விடும். கல்லெடுத்துத்தான் விரட்டினேன். பழையதைக் கேனில் அடைத்து வைத்திருக்கிறேன், மண்ணில் கொட்டவில்லை.

மறுநாள் காலை கூலண்ட் டேங்கில் ஒரு விரல் இறங்கியிருந்தது, ஊற்றிக்கொண்டேன். சாயங்காலம் பாம்பன் பாலம். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்க ஆளாளுக்கு வண்டியை நிறுத்த, ஏசியோடு ஊர்ந்தேன். போன மாதம் இதே நெரிசலில் முக்கால் தாண்டிய, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள், பாதிக்குக் கீழே ஆணி அடித்த மாதிரி நின்றது.

மச்சானுக்குச் சொன்ன பதில்: "ஒர்க்ஷாப்ல குடுத்துருங்க. டிஸ்டில்டு வாட்டரை மட்டும் நீங்களே வாங்கிட்டுப் போய், அவங்க ஊத்துற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க."

நான் கொடுப்பேனா? புது பிளக்குக்கும் இரண்டு கிளிப்புக்கும் மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன்.